வஞ்சிரம் விலையும் ரெப்போ வட்டியும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு ரிட்டயர்டு பேங்க்காரர் பதில்

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். "விலைவாசி எகிறுனா ரிசர்வ் பேங்க் வட்டிய ஏத்தும், விலை அடங்கும், ஆனா கூடவே வேலையும் கொஞ்சம் அடிபடும்"னு. அவ்ளோதான், கடலூர்லேந்தும் பாண்டிலேந்தும் கடுதாசியும் வாட்ஸ்அப் மெசேஜுமா கொட்டிடுச்சு. ஒருத்தர் திட்டிக்கூட எழுதிருக்கார், "ஏத்துறவனுக்கு என்ன, கட்டுறவனுக்குல்ல வலிக்குது"ன்னு. நியாயம்தான். இந்த தடவ மொத்த பக்கத்தையும் அதுக்கே எடுத்துக்கிறேன், சுகர் ஃபேக்டரி ஷேர் பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், பம்பாய்ல உக்காந்து வட்டிய கால் சதவீதம் ஏத்துனா எங்க துறைமுகத்துல வஞ்சிரம் விலை எப்படி சார் இறங்கும்? தடைக்காலத்துல வாங்கவே பயமா இருக்கு. (கடலூர் முதுநகர் வாசகர்)

இறங்காது. ஒளிச்சு மறைச்சு சொல்ல இதுல ஒன்னும் இல்ல. ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, கரைக்கு வர்றது நாட்டுப்படகு மீனு மட்டும்தான், அப்போ விலை ஏறத்தான் செய்யும், ரெப்போவ (ரிசர்வ் பேங்க் வெக்கிற வட்டி, கீழ வெவரமா சொல்றேன்) ஏத்துறதால ஒரு மீனும் கூடுதலா வலையில வந்து விழாது. வெங்காயம் மழையில அழுகுனாலும் அதே கதைதான், 2023 ஜூலைல தக்காளி ஆட்டம் போட்டுச்சே ஞாபகம் இருக்கா, நாட்டு சில்லறை பணவீக்கமே (போன வருஷத்த விட விலை எவ்ளோ ஏறிருக்குங்கிற கணக்கு) 7.44 சதவீதத்துக்கு போயிடுச்சு, ஆனா ரிசர்வ் பேங்க் அப்போ வட்டிய தொடவே இல்ல, 6.50லயே வெச்சிருந்துச்சு, ரெண்டு மூணு மாசத்துல தக்காளி தானா இறங்கிடுச்சு.

அப்புறம் எதுக்கு வட்டிய ஏத்துறாங்கன்னு கேப்பீங்க. மீன் விலை ஏறுது, சரி. மீன் குழம்பு சாப்பாடு போடற மெஸ்காரர் பத்து ரூபா ஏத்துறார். அங்க சாப்புடற லோடுமேன் கூலி பத்தலன்னு கூட கேக்குறார். லாரிக்காரர் வாடகைய ஏத்துறார், மளிகைக்கடைக்காரர் "அடுத்த மாசம் எப்படியும் ஏறத்தான் போகுது"ன்னு இன்னைக்கே ஏத்தி வெச்சிடுறார். இப்போ ஜூன் 15ஆம் தேதி படகு போயி மீன் வந்து வஞ்சிரம் இறங்கிடுச்சுன்னு வைங்க, மெஸ் சாப்பாடு இறங்குமா? இறங்கி நான் பாத்ததில்ல. இந்த ரெண்டாவது ரவுண்டு இருக்கே, எல்லாரும் "ஏறும் ஏறும்"னு நெனச்சு நெனச்சே ஏத்துறது, அதைத்தான் வட்டியால புடிக்கப் பாக்குறாங்க. கையில காசு சுலபமா பொரளாதப்போ மளிகைக்கடைக்காரருக்கு முன்கூட்டியே ஏத்துற தைரியம் கொஞ்சம் கொறையும். ரிசர்வ் பேங்க் அடக்குறது மீன் விலைய இல்ல, விலை இன்னும் ஏறும்ங்கிற அந்த நெனப்ப.

ரெப்போன்னா என்னன்னு தனியா மூணு பேர் கேட்டிருக்காங்க. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுல நகைய அடகு வெச்சு பணம் வாங்குறோம்ல, அதே மாதிரி பேங்க்குங்க கவர்மென்ட் பத்திரத்த ரிசர்வ் பேங்க்ல அடகு வெச்சு கொஞ்ச நாளைக்கு பணம் வாங்கும், அதுக்கு குடுக்குற வட்டிதான் ரெப்போ. இத முடிவு பண்றது 6 பேர் கொண்ட ஒரு குழு, 3 பேர் ரிசர்வ் பேங்க் ஆளுங்க, 3 பேர் மத்திய அரசு போடற வெளியாளுங்க, 3க்கு 3ன்னு நின்னுடுச்சுன்னா கவர்னருக்கு கூடுதலா ஒரு ஓட்டு. 2016 அக்டோபர்ல மொத கூட்டம் போட்டாங்க. அதுக்கு முன்னாடி கவர்னர் ஒருத்தரோட முடிவுதான்.

கேள்வி: 2025 அக்டோபர்ல விலைவாசி வெறும் 0.25 சதவீதம்னு டிவில சொன்னாங்க. நான் வாங்குற எதுவும் குறையலயே, யார ஏமாத்துறாங்க? (முத்தியால்பேட்டை இல்லத்தரசி)

யாரும் ஏமாத்தலம்மா, ஆனா சொல்ற விதத்துல நமக்கு ஏமாந்த மாதிரிதான் தோணும். பணவீக்கம் கொறஞ்சிருக்குன்னா விலை கொறஞ்சிருக்குன்னு அர்த்தமில்ல, ஏறுற வேகம் கொறஞ்சிருக்கு, அவ்ளோதான். திண்டிவனம் ரோட்டுல பஸ் 80லேந்து 20க்கு வந்தாலும் முன்னாடிதானே போயிட்டிருக்கு, ரிவர்ஸ்ல வரலயே.

கணக்கா பாத்துடலாம். 2021 ஏப்ரல்ல நீங்க 100 ரூபாய்க்கு வாங்குன சாமான். 2022 ஏப்ரல்ல பணவீக்கம் 7.79, ஆக 108 ரூபா கிட்ட. 2023 ஏப்ரல்ல 4.70, இப்போ 113. 2024ல 4.83, 118. 2025 ஏப்ரல்ல 3.16தான், பேப்பர்ல எல்லாம் "பணவீக்கம் சரிவு"ன்னு தலைப்பு, ஆனா உங்க பையில 122 ரூபா. நாலு வருஷத்துல 22 ரூபா ஏறுனது ஏறுனதுதான், அது திரும்பி வராது. வீட்டுக்காரர் சம்பளமும் அந்த நாலு வருஷத்துல 22 சதவீதம் ஏறிருந்தா சமம், ஏறலன்னா அவ்ளோ தூரம் நீங்க பின்னாடி போயிருக்கீங்க. உங்க கோவம் சரியான கோவம்தான், 0.25 மேல கோவப்படறதுக்கு பதிலா சம்பளத்து மேல கோவப்படணும்.

இன்னொன்னு. அந்த அக்டோபர் 0.25 வந்ததுக்கு முக்கியமான காரணம் காய்கறி, பருப்பு விலை போன வருஷத்த விட சரிஞ்சது. 2012ஐ அடிப்படையா வெச்ச அந்த கணக்குல நூத்துல 46 பங்கு கிட்ட சாப்பாடும் குடிக்கிறதும்தான். அது சரிஞ்சா மொத்த நம்பரும் சரியும், உங்க வீட்டு வாடகையும் பையன் ஸ்கூல் ஃபீஸும் அது பாட்டுக்கு ஏறிட்டிருக்கும். குபேர் மார்க்கெட்டுக்கு மட்டும் போறவங்களுக்கு ஒரு பணவீக்கம், ஸ்கூல் பீஸ் கட்டுறவங்களுக்கு ஒரு பணவீக்கம், டிவிக்கு ஒன்னு.

கேள்வி: 2022 ஆரம்பத்துல 25 லட்சம் ஹவுஸிங் லோன் எடுத்தேன், 20 வருஷம், 6.9 சதவீதம். அப்புறம் என்னென்னமோ ஆகி தவணை காலம் ரிட்டயர்மென்ட்டையும் தாண்டி போயிடுச்சு சார். நான் ஒரு மாசம் கூட தவறல. என்ன நடந்துச்சு? (லாஸ்பேட்டை வாசகர்)

உங்க கேஸ நான் பேப்பர் பேனா எடுத்து போட்டு பாத்தேன், தூக்கம் வரல.

2020 மே மாசத்துலேந்து ரெப்போ 4 சதவீதம். கொரோனா காலம், கடை எல்லாம் பூட்டி கெடக்கு, யாராவது கடன் வாங்கி ஏதாவது பண்ணாத்தான் உண்டுன்னு கீழ வெச்சிருந்தாங்க. அப்போதான் நீங்க வாங்குறீங்க. உக்ரைன் சண்டை வருது, எண்ணெய் விலை ஏறுது, 2022 மே 4ஆம் தேதி கூட்டம் போட வேண்டிய நாளே இல்ல, திடீர்னு கூடி 0.40 ஏத்துறாங்க. ஜூன்ல 0.50, ஆகஸ்ட்ல 0.50, செப்டம்பர்ல 0.50, டிசம்பர்ல 0.35, 2023 பிப்ரவரில 0.25. மொத்தம் ரெண்டரை சதவீதம், ஒம்போது மாசம் சொச்சத்துல. 2019 அக்டோபருக்கு அப்புறம் ஃப்ளோட்டிங் (ஏறி இறங்குற) வட்டில பேங்க் குடுக்குற ஹவுஸிங் லோன் எல்லாம் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டிப்போட்டது, ஆக அங்க ஏறுனா மூணு மாசத்துக்குள்ள உங்களுக்கும் ஏறும். 6.9 போயி 9.4 ஆயிடுச்சு.

இப்போ உங்க மாச தவணை 19,230 ரூபா. ஒரு வருஷம் ஒழுங்கா கட்டிருக்கீங்க, பழைய வட்டிலயே கணக்கு போட்டா அசல் 24 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி. 9.4 சதவீதத்துல அதுக்கு மாச வட்டி மட்டும் 19,110 ரூபா. நீங்க கட்டுற 19,230ல அசலுக்கு போறது எவ்ளோ? 120 ரூபா. ரெண்டு டீ, ரெண்டு வடை, ஒரு பார்சல் பஜ்ஜி. இந்த வேகத்துல அடைச்சா 54 வருஷம் ஆகும். அதான் தவணை காலம் உங்க ரிட்டயர்மென்ட்ட தாண்டி ஓடிருக்கு. தப்பு உங்க மேல இல்ல, தவணைய ஏத்தாம காலத்த மட்டும் நீட்டுனா நோகாதுன்னு யாரோ கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன தட்டி விட்டுருக்காங்க, உங்கள ஒரு வார்த்த கேட்டாங்களான்னா கேட்டிருக்க மாட்டாங்க.

இந்த புகார் நாடு முழுக்க வந்து குமிஞ்சுதான் 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டுச்சு. வட்டி மாறுறப்போ தவணைய கூட்டுறதா, காலத்த நீட்டுறதா, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமான்னு கடன் வாங்குனவரோட விருப்பத்த கேக்கணும், ஃபிக்ஸடு வட்டிக்கு மாறவும் வழி வெக்கணும் (2025 அக்டோபர்லேந்து இது மட்டும் பேங்க்கோட இஷ்டம்னு ஆயிடுச்சு), இடையில மொத்தமா கட்டவும் விடணும்னு. கட்டுற தவணை அந்த மாச வட்டிக்கே பத்தாம போயி அசல் ஏறுற நிலைமை வரவும் கூடாது. நீங்க பிராஞ்ச்சுக்கு போயி இந்த உத்தரவ சொல்லி, கடன் கணக்கோட முழு அட்டவணைய எழுதி வாங்குங்க. 2025 பிப்ரவரிலேந்து வட்டி இறங்க ஆரம்பிச்சு டிசம்பர்ல 5.25க்கு வந்திருக்கு, ஒன்னே கால் சதவீதம். அந்த இறக்கம் உங்க கணக்குல விழுந்திருக்கான்னும் பாருங்க. ஏறுறது மட்டும் ஒழுங்கா விழும், இறங்குறதுதான் அப்பப்போ வழி மாறி போயிடும், முப்பது வருஷம் அந்த பக்கம் உக்காந்தவன் சொல்றேன்.

கேள்வி: மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. அப்பாவோட சேந்து டெலிவரி ஓட்டுறேன். வட்டி ஏத்துறதால வேலை அடிபடும்னு எழுதியிருந்தீங்க, அது எப்படின்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. (வில்லியனூர் தம்பி)

தம்பி, இதுக்கு பதில் சொல்ல நான் 2011க்கு போகணும்.

அப்போ நான் பண்ருட்டி பக்கம் ஒரு பிராஞ்ச்ல லோன் ஆபீசர். அந்த சமயத்துல விலைவாசி தாங்கல, ரிசர்வ் பேங்க் 2010 மார்ச்சுலேந்து 13 தடவ வட்டிய ஏத்தி அக்டோபர்ல 8.50க்கு கொண்டு வந்து நிறுத்திருந்துச்சு. ஒரு லேத் பட்டறைக்காரர் வந்தார். முந்திரி ஃபேக்டரிங்களுக்கு டிரம் வெல்டிங், மெஷின் ரிப்பேரெல்லாம் பண்றவர், கை எப்பவும் கிரீஸ், என் டேபிள்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி பேப்பர விரிச்சுக்குவார். ரெண்டாவது லேத் ஒன்னு வாங்கணும், ஐடிஐ முடிச்ச ரெண்டு பசங்கள சேத்துக்கணும்னு பிளான். நான் வட்டி பதிமூணே காலுன்னு சொன்னேன். போன வருஷம் விசாரிச்சப்போ கம்மியா சொன்னீங்களேன்னார். ஏறிடுச்சுண்ணேன்னேன். தினசரி காலண்டர் தாள் ஒன்ன கிழிச்சு பின்பக்கம் கணக்கு போட்டார், தவணை, ரெண்டு பசங்க சம்பளம், கரண்ட் பில்லு. கூட்டி பாத்துட்டு தாள நாலா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, "கையில ஒன்னும் நிக்காது சார், தை பொறக்கட்டும் பாக்கலாம்"னு எழுந்து போயிட்டார்.

தம்பி, அந்த ரெண்டு பசங்கள யாரும் வேலைய விட்டு தூக்கல. அவங்களுக்கு அப்படி ஒரு வேலை இருந்திருக்கும்னே தெரியாது. வட்டியால போற வேலை பெரும்பாலும் இப்படித்தான் போகும், கேட்டுல பூட்டு தொங்காது, போராட்டம் நடக்காது, பேப்பர்ல வராது. காலண்டர் தாள்ல ஒரு கூட்டல் சரியா வராம போகும், அதோட சரி. லேத் விக்கிற கோயமுத்தூர்க்காரருக்கு ஒரு ஆர்டர் கம்மி, பட்டறைக்கு எதுத்தாப்புல டீக்கடையில தினம் நாலு டீ கம்மி. இது மெதுவா பரவும், வட்டி ஏத்தி முழுசா தெரிய ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும், அதனாலதான் யாரும் ரெண்டையும் முடிச்சு போட்டு பேசறதில்ல.

கதை அதோட முடியல. தை பொறக்கறதுக்கு முன்னாடி டிசம்பர் 30ஆம் தேதி விடியக்காலைல தானே புயல் வந்துச்சு. கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரைய கடந்தது, உனக்கு அப்போ சின்ன வயசா இருக்கும். பண்ருட்டி பக்கம் முந்திரி தோப்பும் பலா தோப்பும் வேரோட சாஞ்சு கெடந்ததுங்க, நான் பைக்ல போனேன், ரோடு எதுன்னே தெரியல, பச்சை எல வாடை மட்டும் மூக்க அடைச்சது. முந்திரி பொறுக்குற, ஒடைக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே ராத்திரில வேலை போச்சு. அடுத்த ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் வட்டிய அரை சதவீதம் கொறச்சு 8க்கு கொண்டு வந்துச்சு. சாஞ்ச மரம் எந்திரிக்குமா? ஒட்டுக்கன்னு வெச்சா கூட காய் பாக்க மூணு வருஷம், ஒழுங்கா காய்க்க அதுக்கும் மேல. இந்த வேலையில்லாமைக்கு வட்டி மருந்தே கெடையாது, நிவாரணம், கன்னு, கூலி வேலைன்னு கவர்மென்ட் காசு எறங்குனாத்தான் உண்டு.

ஆக வட்டியால அழியற வேலையும் இருக்கு, வட்டியால மீட்க முடியாத வேலையும் இருக்கு. நீ எதுலன்னு கேட்டா, மெக்கானிக்கல் படிச்சவனுக்கு வேலை குடுக்க வேண்டியது அந்த லேத் பட்டறை மாதிரி, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் எஸ்டேட்ல இருக்குற சின்ன யூனிட்டுங்க. கடன் மலிவானா அங்க ஆள் எடுப்பாங்க, ஆனா ஆர்டர் இல்லாம கடன் மட்டும் மலிவா கெடச்சா எவனும் மெஷின் வாங்க மாட்டான்.

இன்னொரு விஷயம் உன் கணக்குல. கவர்மென்ட் 2025லேந்து மாசா மாசம் வேலையில்லாதவங்க விகிதம் வெளியிடுது, மொதல்ல வந்த ஏப்ரல் மாச கணக்குல 5.1 சதவீதம். அந்த சர்வேல கடந்த ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தாலும் வேலையில இருக்குறவன். ஆக நீ டெலிவரி பேக்க மாட்டிக்கிட்டு கெளம்புன ஒடனே உனக்கு வேலை கெடச்சாச்சு. டிகிரி பேப்பர்ல என்ன எழுதிருக்குன்னு அந்த நம்பர் பாக்காது.

கேள்வி: எகனாமிக்ஸ் படிக்கிறேன். ஃபிலிப்ஸ் வளைகோடுன்னு ஒன்னு இருக்கு, பணவீக்கத்த கூட்டிக்கிட்டா வேலையின்மைய குறைக்கலாம்னு. அப்போ கொஞ்சம் விலைவாசி ஏறட்டும்னு விட்டு எல்லாருக்கும் வேலை குடுத்துடலாமே? அமெரிக்கா அப்படித்தான் பண்ணுதாமே? (காலாப்பட்டு மாணவி)

இந்த கேள்விய 1960கள்ல பெரிய பெரிய ஆளுங்களே கேட்டாங்கம்மா, கூச்சப்பட ஒன்னுமில்ல.

ஃபிலிப்ஸ் நியூசிலாந்துக்காரர், படிச்சது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். 1949ல நாட்டு பொருளாதாரத்த தண்ணி ஓடற மெஷினாவே செஞ்சு காட்டுனவர், டேங்க், குழாய், வால்வு, வரி ஒரு பைப்ல போகும் சேமிப்பு ஒரு பைப்ல போகும், நம்ம வீட்டு மொட்டமாடி பிளம்பிங் மாதிரி. 1958ல பிரிட்டன்ல 1861லேந்து கிட்டத்தட்ட நூறு வருஷ கணக்க எடுத்து பாத்தப்போ, வேலையில்லாதவங்க கம்மியா இருந்த வருஷத்துல கூலி வேகமா ஏறிருக்கு, நெறய இருந்த வருஷத்துல மெதுவா ஏறிருக்குன்னு கண்டுபுடிச்சார். அவர் எழுதுனது கூலி பத்தி. அத மத்தவங்க விலைவாசிக்கு மாத்தி, "ஆகா ரெண்டுல ஒன்ன மெனு கார்டு மாதிரி தேர்ந்தெடுத்துக்கலாம்"னு கெளம்பிட்டாங்க.

1967, 68ல ஃபெல்ப்ஸ், ஃப்ரீட்மேன்னு அமெரிக்க பொருளாதார அறிஞருங்க ரெண்டு பேரும் தனித்தனியா ஒன்னு சொன்னாங்க, விலை ஏறப்போகுதுன்னு ஜனங்களுக்கு பழகிடுச்சுன்னா அதுக்கு ஏத்த மாதிரி கூலிய மொதல்லயே கேட்டு வாங்கிடுவாங்க, அப்புறம் பணவீக்கம் மட்டும் நிக்கும் வேலை கூடாதுன்னு. 1973ல எண்ணெய் விலை எகிறுனப்போ அப்படியே நடந்துச்சு, விலையும் ஏறுது வேலையும் போகுது. 1979ல வோல்கர் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு தலைவரா வந்து வட்டிய 20 சதவீதத்து பக்கம் கொண்டு போனார். வீடு கட்டுற காண்ட்ராக்டருங்க "இத வெச்சு நாங்க என்ன பண்றது"ன்னு மரக்கட்டைய தபால்ல அவருக்கு அனுப்பிருக்காங்க. 1982 கடைசில அங்க வேலையின்மை 10.8 சதவீதம். பணவீக்கம் அடங்குச்சு, ஆமா. அந்த பில்ல கட்டுனது வோல்கர் கெடையாது, டெட்ராய்ட்ல கார் கம்பெனில வேலை போன ஆளு.

அமெரிக்கா விஷயம், நீங்க கேட்டது பாதி சரி. 1977 சட்டத்துப்படி அங்க மத்திய வங்கிக்கு விலையும் பாக்கணும் வேலையும் பாக்கணும், ரெண்டும் கடமை. நம்ம ரிசர்வ் வங்கி சட்டத்துல 2016ல திருத்தி போட்டது வேற, விலைய நெலையா வெக்கிறது முதன்மை நோக்கம், வளர்ச்சியையும் மனசுல வெச்சுக்கணும். வேலைங்கிற வார்த்தை அதுல இல்ல. 4 சதவீதம் இலக்கு, ரெண்டு பக்கமும் 2 விட்டுக்குடுக்கலாம், தொடர்ந்து மூணு காலாண்டு அத மீறுனா ஏன் முடியலன்னு அரசாங்கத்துக்கு கடுதாசி எழுதணும். 2022ல அப்படி எழுதி அனுப்புனாங்க, உள்ள என்ன எழுதிருந்துச்சுன்னு நமக்கு காட்டல. வேலை கெடைக்காம போனதுக்கு யாரும் யாருக்கும் கடுதாசி எழுத தேவையில்ல பாருங்க, என்னோட ஒரே மனக்குறை அது. அதுக்காக வட்டிய ஏத்தவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. விலை வருஷத்துக்கு பத்து சதவீதம் ஏறுனா மொதல்ல நசுங்குறது தினக்கூலிதான், அவங்க கூலி ஏறுறதுக்குள்ள அரிசி ரெண்டு தடவ ஏறிடும்.

கேள்வி: வட்டி குறைஞ்சதுன்னு பசங்க எல்லாம் சந்தோஷப்படறாங்க. எனக்கு எஃப்.டி. வட்டிதான் சோறு. நான் என்ன பண்றது? (மஞ்சக்குப்பம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

ஐயா, உங்களுக்கு இறங்குறதும் வலி, பசங்களுக்கு ஏறுறதும் வலி, ஒரே ரூபாய்க்கு ரெண்டு முனை. ரெப்போ இறங்குனா புது எஃப்.டி. வட்டி இறங்கும், பழசு முதிர்வு வரைக்கும் அப்படியே இருக்கும். போஸ்ட் ஆபீஸ் சிறுசேமிப்பு வட்டிய ரிசர்வ் பேங்க் முடிவு பண்றதில்ல, மத்திய நிதி அமைச்சகம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ அறிவிக்கும். மூத்த குடிமக்கள் திட்டம் 2023 ஏப்ரல்லேந்து 8.2 சதவீதம், 2025ல ரெப்போ நாலு தடவ இறங்குனப்பவும் அத தொடல. 30 லட்சம் வரைக்கும் போடலாம், போடற அன்னைக்கு என்ன வட்டியோ அது அஞ்சு வருஷத்துக்கும். மஞ்சக்குப்பம் ஹெட் போஸ்ட் ஆபீஸ் உங்களுக்கு நடக்குற தூரம்தானே. ஒன்னு மட்டும் பாத்துக்கோங்க, 7 சதவீதம் வட்டி வந்தப்போ விலைவாசி 7 ஏறிருந்தா கையில நின்னது சைபர், 6 வட்டி வர்றப்போ விலை 2 ஏறுனா 4 நிக்குது. பாஸ்புக்ல சின்ன நம்பரா தெரியறது சில சமயம் பெரிய நம்பர்.

கேள்வி: நோட்டு அடிக்கிற மெஷின் அவங்ககிட்டதானே இருக்கு, அடிச்சு குடுத்தா என்ன? (நெல்லிக்குப்பம்)

ஜிம்பாப்வேல அடிச்சாங்க, விலை கண்ணுமண்ணு தெரியாம ஏறி நோட்டுக்கு மதிப்பே இல்லாம போச்சு. 2009ல நூறு லட்சம் கோடி டாலர்னு ஒரே நோட்டு போட்டாங்க, ஒன்னுக்கு பின்னாடி 14 சைபர். இப்போ அத ஞாபகார்த்தமா ஆன்லைன்ல விக்கிறாங்க.

கேள்வி: தாத்தா டிரங்கு பெட்டில பிரெஞ்சு எழுத்துல ஒரு ரூபா நோட்டு கெடச்சிது. பாண்டிக்கு தனி ரிசர்வ் பேங்க் இருந்துச்சா? (குருசுக்குப்பம்)

ரிசர்வ் பேங்க் இல்ல, பாங்க் தெ லாண்டோஷீன், தனியார் பேங்க்கு. 1875ல பிரான்ஸ் அரசு அவங்களுக்கு சைகோன்லயும் பாண்டிச்சேரிலயும் நோட்டு போடற உரிமைய குடுத்துச்சு. இங்க ரூபாயா போட்டாங்க. வேலை வாய்ப்பு, விலைவாசின்னு எல்லாம் அவங்க பாக்கல, அவங்க பாத்தது வியாபாரம். 1954க்கு அப்புறம் நம்ம ரூபாதான். நோட்ட மடிக்காம வைங்க, லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க.

கேள்வி: இத எல்லாம் படிச்சேன். எனக்கு பேங்க்ல கடனே இல்ல, தண்டல்தான். கூடையில மீன் விக்கிறேன். வட்டி ஏறுனா இறங்குனா எனக்கு என்ன? (தேவனாம்பட்டினம், பேத்தி எழுதி அனுப்புனது)

அக்கா, இந்த பக்கத்துலயே உங்க கேள்விதான் என்னைய முழிக்க வெச்சது. நீங்க எழுதிருக்குற கணக்கு: பத்தாயிரம்னு பேரு, கையில குடுக்குறது 9,000, தெனம் நூறு ரூபா நூறு நாள். ஆயிரம் ரூபாதானே வட்டின்னு தோணும். ஆனா மொத நாள்லேந்தே திருப்பி கட்ட ஆரம்பிச்சிடுறீங்க, பாதி நாள் முடியறப்போ பாதி காசு அவன்கிட்டயே போயிடுச்சு. சரியா கணக்கு போட்டா வருஷத்துக்கு 77 சதவீதம் கிட்ட வருது. பம்பாய்ல ரெண்டரை ஏத்துனாங்க, ஒன்னே கால் இறக்குனாங்க, உங்க தண்டல்காரருக்கு ரெண்டுமே தெரியாது, அவர் நூறு ரூபா நூறு ரூபாதான். நேரா உங்களுக்கு ஒன்னும் வராது. சுத்தி வளைச்சு வரும், லோன் தவணை ஏறுன லாஸ்பேட்டைக்காரர் வஞ்சிரத்துக்கு பதிலா மத்தி வாங்கிட்டு போவார், உங்க கூடையில சாயங்காலம் ரெண்டு வஞ்சிரம் மிஞ்சும்.

தெருவோர வியாபாரிங்களுக்குன்னு பிஎம் ஸ்வநிதின்னு ஒன்னு 2020லேந்து இருக்கு, சொத்து ஜாமீன் கேக்க மாட்டாங்க. மொத கடன் 10,000ஆ இருந்தத 2025ல 15,000 ஆக்கிட்டாங்க, ஒழுங்கா கட்டுனா வட்டில 7 சதவீதம் மானியமா உங்க கணக்குக்கே திரும்பி வரும், அடுத்து 25,000, அப்புறம் 50,000. மாநகராட்சில வியாபாரி அட்டை இல்லன்னா பரிந்துரை கடுதாசி வாங்கிக்கலாம். பேத்திய கூட்டிக்கிட்டு ஒரு செவ்வாக்கிழம காலைல போங்க, திங்கக்கிழம கூட்டமா இருக்கும். ஆதார், ஆதாரோட சேத்த செல் நம்பர், பேங்க் பாஸ்புக் மூணையும் எடுத்துக்கோங்க. பேங்க்ல "அப்புறம் வாங்க"ன்னு சொன்னா, எப்போன்னு தேதி போட்டு எழுதி தர சொல்லுங்க.